நட்சத்திரம் ஏன் கோடாக விழுகிறது? வானப் படம் எடுக்கும் இரவில் வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழிகளும்

தை அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை இரவு. ஜவ்வாது மலையில், காவலூருக்கு அந்தப் பக்கம் ஒரு தரிசு நிலம். ஏழெட்டு முக்காலிகள், மூன்று தொலைநோக்கிகள், பனிக்கு மப்ளர் சுற்றிய தலைகள். எட்டு மணிக்கு எல்லோரும் உற்சாகமாக இருப்போம். பத்து மணிக்கு மேல் இருட்டுக்குள் ஒவ்வொரு மூலையிலிருந்தும் குரல் வரும்: "இங்க கொஞ்சம் வந்து பாருங்களேன், எனக்கு மட்டும் ஏன் இப்படி வருது?"

அந்தக் குரல்களுக்குப் பின்னால் போய்ப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. கோளாறுகள் பத்துப் பன்னிரண்டுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றும் நட்சத்திரத்தின் வடிவத்தில் தன் முத்திரையைப் பதித்துவிட்டுத்தான் போகும். அந்த முத்திரையைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலோர் செய்யும் தவறு, கேமராவின் சின்னத் திரையில் முழுப் படத்தைப் பார்த்து "நல்லா வந்திருக்கு" என்று திருப்தியடைந்து, இருநூறு படம் எடுத்த பிறகு வீட்டுக் கணினியில் பெரிதாக்கிப் பார்ப்பது. முதல் படம் எடுத்ததும் அங்கேயே முழு அளவுக்குப் பெரிதாக்குங்கள். நடுவைப் பாருங்கள், பிறகு நான்கு மூலைகளையும் பாருங்கள். கீழே உள்ள எல்லாமே அந்தப் பார்வையிலிருந்துதான் தொடங்குகின்றன.

எல்லா நட்சத்திரமும் ஒரே திசையில் கோடாக இருக்கிறது

வானத்தோடு சேர்ந்து கேமராவை மெதுவாகச் சுற்றும் டிராக்கர் என்ற கருவி இல்லாமல் வெறும் முக்காலியில் எடுக்கிறீர்கள் என்றால் காரணம் பூமி. வானம் ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி நகர்கிறது. 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை விநாடி எடுக்கலாம் என்று வரும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அது ஃபிலிம் காலத்துக்குப் போதுமானது. இன்றைய சென்சாருக்கு 300-ஐ வைத்து வகுப்பதே நல்லது. சிறிய சென்சார் கேமரா என்றால் குவியத் தூரத்தை முதலில் 1.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட கேமராவில் 18 மி.மீ. லென்ஸுக்கு 11 விநாடி வரும், 50 மி.மீ. லென்ஸுக்கு 4 விநாடிதான். வான நடுவரைக்கு, அதாவது பூமத்தியரேகைக்கு நேர் மேலே வானத்தில் போகும் கற்பனைக் கோட்டுக்கு அருகில் நட்சத்திரங்கள் வேகமாக நகரும், துருவத்துக்கு அருகில் மெதுவாக. நாம் ஆசையாக எடுக்கும் ஓரியன் விண்மீன் கூட்டம் அந்த நடுவரையின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் அதற்குச் சலுகையே கிடையாது.

டிராக்கர் இருந்தும் கோடு விழுகிறதா? துருவச் சீரமைப்பை, அதாவது டிராக்கரின் அச்சு வானத் துருவத்துக்கு நேராக நிற்பதைக் குறை சொல்லும் முன் நான்கு சின்ன விஷயங்களைப் பாருங்கள். வடக்கு, தெற்கு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது தெற்கில் இருந்தால் டிராக்கர் எதிர்த்திசையில் சுற்றும், கோடு இரண்டு மடங்கு நீளமாகும். வேகம் நிலா அல்லது சூரியனுக்கு என்று வைக்கப்பட்டிருக்கலாம், நட்சத்திர வேகத்துக்கு மாற்றுங்கள். கிளட்ச் சரியாக இறுகாமல் கேமராவின் எடையில் வழுக்கலாம். பேட்டரி இறங்கியிருக்கலாம். ஒரு முறை நண்பர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் துருவ நட்சத்திரத்தோடு மல்லுக்கட்டினார். கடைசியில் பார்த்தால், பையிலிருந்து எடுக்கும்போது அந்தச் சுவிட்ச் துணியில் மாட்டித் தெற்குக்கு நகர்ந்திருந்தது.

இந்த நான்கும் சரியாக இருந்தால் துருவச் சீரமைப்புக்கு வருவோம். இங்கேதான் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருந்துகொண்டு எழுதியவை. அங்கே துருவ நட்சத்திரம் 40, 50 டிகிரி உயரத்தில் நிற்கும். நமக்கு அது நம் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவுதான்: சென்னையில் 13 டிகிரி, மதுரையில் 10, கன்னியாகுமரியில் 8. கையை முழுதாக நீட்டி முஷ்டியை மூடினால் அது ஏறத்தாழ 10 டிகிரி. ஆக, ஜவ்வாது மலையில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் ஒரு முஷ்டியும் கொஞ்சமும். ஒரு புளியமரம் போதும் அதை மறைக்க. அதனால் இடம் பார்க்கும்போதே பகலில் வடக்குப் பக்கம் நின்று பாருங்கள். நம் பகுதியில் திசைகாட்டிக்கும் உண்மையான வடக்குக்கும் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம். தொடக்கத்துக்கு அதுவே போதும். ஆனால் இரும்பு முக்காலிக்குப் பக்கத்திலும் கார் பானெட் மேலும் வைத்துப் பார்க்காதீர்கள்.

பெரிய ஈக்வடோரியல் மவுண்ட் (துருவத்தை நோக்கிய அச்சில் தொலைநோக்கியைச் சுற்றும் தாங்கி) வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. அச்சு இவ்வளவு தாழ்ந்து நிற்கும்போது எதிர்எடைத் தண்டு முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கும். முக்காலியைத் திருப்பி, வடக்குத் திசை இரண்டு கால்களுக்கு நடுவில் வரும்படி வையுங்கள். சில மவுண்ட்களில் உயரத் திருகு 15, 20 டிகிரிக்குக் கீழே இறங்காது. தெற்கே இருக்கும் காலை மட்டும் உயர்த்தினால் மொத்த மவுண்ட்டும் வடக்கே சாய்ந்து அச்சு தாழும். ஆனால் அப்படிச் சாய்த்தபின் ஒரு முறை கையால் ஆட்டிப் பாருங்கள், கவிழ்கிற நிலையில் இருக்கக் கூடாது.

துருவ நட்சத்திரமே தெரியவில்லை, அடிவானத்தில் மூட்டம் என்றால் இரவு வீணாகிவிடாது. நகர்வைப் பார்த்துச் சீரமைக்கலாம். தை மாதத்தில் ஒன்பது, ஒன்பதரை மணிவாக்கில் ஓரியனின் இடுப்புப் பட்டையாகத் தெரியும் மூன்று நட்சத்திரங்கள் உச்சியைக் கடக்கும். அந்த மூன்றில் வடக்கு ஓரத்தில் இருப்பது மின்டாகா. அது வான நடுவரையிலிருந்து அரை டிகிரிகூட விலகவில்லை. கேமராவில் அதை நேரடித் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, டிராக்கரை ஓடவிட்டுக் காத்திருங்கள். கிழக்கு மேற்கு நகர்வைக் கண்டுகொள்ளாதீர்கள். நட்சத்திரம் தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே தள்ளிப் போயிருக்கிறது, மேற்கே திருப்புங்கள். வடக்கே நகர்ந்தால் கிழக்கே திருப்புங்கள். அது நின்றதும், கிழக்கில் எழுந்து வரும் மகம் நட்சத்திரத்துக்குப் போங்கள். தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது, உயர்த்துங்கள். வடக்கே நகர்ந்தால் இறக்குங்கள். திரையில் எது தெற்கு என்று குழப்பமாக இருந்தால் கேமராவை மயிரிழை அளவு தெற்கே தள்ளிப் பாருங்கள். நட்சத்திரம் திரையில் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அது வடக்கு. முதல் முறை முக்கால் மணி நேரம் ஆகும். பழகியபின் இருபது நிமிடம். மடிக்கணினி கொண்டுவருபவர்கள் நினா என்ற இலவச மென்பொருளில் மூன்று புள்ளிகளைப் படமெடுத்துச் சீரமைக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். அதற்குத் துருவம் கண்ணில் பட வேண்டிய அவசியமே இல்லை.

நடு சரி, மூலைகள் மட்டும் இழுபட்டிருக்கின்றன

டிராக்கர் மேல் கை வைக்காதீர்கள். மூலை நட்சத்திரங்கள் பறக்கும் பறவை மாதிரி இறக்கை விரித்திருந்தால் அது லென்ஸின் குணம். லென்ஸின் துளையை எஃப் 1.8-இலிருந்து எஃப் 2.8-க்கோ 4-க்கோ சுருக்குங்கள், பெரும்பகுதி சரியாகும். தொலைநோக்கியில் நான்கு மூலையும் மையத்தைப் பார்த்து நீண்டிருந்தால் ஃபிளாட்னருக்கும் (மூலைகளைக் கூர்மையாக்கச் சேர்க்கும் வில்லை) சென்சாருக்கும் நடுவில் உள்ள தூரம் தப்பு. பல ஃபிளாட்னர்களுக்கு 55 மி.மீ. வேண்டும், மெல்லிய வளையங்களைச் சேர்த்தோ எடுத்தோ பார்க்க வேண்டும். ஒரே ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் எங்கோ ஒரு இணைப்பு சாய்ந்திருக்கிறது. எல்லா மூலையும் ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றி வளைந்தால் அது துருவச் சீரமைப்புக் கோளாறேதான், மேலே போங்கள்.

நட்சத்திரத்துக்கு வால் முளைத்திருக்கிறது, அல்லது இரட்டையாகத் தெரிகிறது

எல்லா நட்சத்திரத்திலும் ஒரே மாதிரிக் கொக்கி இருந்தால் படம் எடுக்கும்போது ஏதோ ஆடியிருக்கிறது. கேமராவின் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், காற்றில் அது கொடி மாதிரி அடிக்கும். முக்காலியின் நடுத் தண்டை உயர்த்தாதீர்கள். உழுத மண்ணில் கால்கள் மெதுவாக இறங்கும், தட்டையான கல்லை வையுங்கள். படக்குலுக்கல் தடுப்பு வசதியை அணையுங்கள். கையால் பொத்தானை அழுத்தாமல் இரண்டு விநாடி டைமர் வையுங்கள். இவ்வளவும் செய்து ஐந்து படத்துக்கு ஒன்று மட்டும் கெடுகிறதென்றால், பக்கத்தில் யாரோ தேநீர் எடுக்க நடக்கிறார்கள். அதைச் சொல்லிவிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

நட்சத்திரங்கள் பொத்துப் பொத்தென்று பெரிதாக இருக்கின்றன

ஃபோகஸ். லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம், பெரும்பாலான லென்ஸ்களில் உண்மையான இடம் அதற்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ இருக்கும். தூரத்துச் செல்போன் கோபுர விளக்கையும் நம்ப வேண்டாம். சிரியஸையோ தெற்கே தாழ்வாக ஒளிரும் அகத்திய நட்சத்திரத்தையோ (கனோபஸ்) திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, வளையத்தை நகம் தடவுகிற மாதிரித் திருப்புங்கள். நட்சத்திரம் சுருங்கிச் சுருங்கி, ஓர் இடத்தில் அதுவரை தெரியாத மங்கலான நட்சத்திரங்கள் பக்கத்தில் முளைக்கும். அதுதான் இடம். கடந்து போய்த் திரும்பி வந்து உறுதிசெய்து, வளையத்தின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

தொலைநோக்கிக்குப் பாட்டினோவ் மறைப்பு வாங்கிக்கொள்ளுங்கள், முன்வாயில் மாட்டும் கீற்றுகள் வெட்டிய தட்டு அது. ரஷ்ய அமெச்சூர் பாவெல் பாட்டினோவ் 2005-இல் வடிவமைத்தது. ஒரு பிரகாசமான நட்சத்திரம் மூன்று கீற்றுகளாக விரியும், நடுக் கீற்று மற்ற இரண்டுக்கும் சரிநடுவில் வந்தால் முடிந்தது. அட்டையில் பிளேடால் வெட்டியும் செய்யலாம், வேலை செய்கிறது. படம் எடுக்கும் முன் மறைப்பைக் கழற்ற மறக்காதீர்கள்.

ஒன்பது மணிக்குக் கூர்மையாக இருந்தது, பதினொன்றுக்கு மங்கிவிட்டதா? இரண்டு காரணங்களில் ஒன்று. குளிர் ஏற ஏறக் குழாய் சுருங்கி ஃபோகஸ் நகர்ந்திருக்கும், அப்போது நட்சத்திரம் சீராகப் பருக்கும், பின்னணி கறுப்பாகவே இருக்கும். இல்லையென்றால் பனி. பனி என்றால் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் வரும், படம் முழுதும் பால் ஊற்றிய மாதிரி வெளுக்கும்.

படம் வெளுத்துக்கொண்டே போகிறது: பனி

சிவப்பு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து லென்ஸைப் பாருங்கள். சுத்தமான கண்ணாடியில் வெளிச்சம் ஊடுருவிப் போகும். பனி பிடித்த கண்ணாடி பழுத்த திராட்சையின் மேல் இருக்கும் சாம்பல் மாதிரி மங்கலாகப் பூத்திருக்கும். ஓரத்தில் கொஞ்சம் தெளிவு, நடுவில் அடர்த்தி. நான் முதல் முறை அதைப் பார்த்தபோது சட்டை நுனியால் துடைத்தேன். அடுத்த நிமிடமே மீண்டும் பூத்தது, கூடவே விரல் எண்ணெய்த் தடமும் சேர்ந்துகொண்டது.

துடைத்தால் போகாததற்குக் காரணம் இருக்கிறது. தெளிந்த வானத்தைப் பார்த்து நிற்கும் கண்ணாடி தன் வெப்பத்தை வானத்துக்கே கொடுத்துவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலத்தான். ஆகவே கண்ணாடியைக் காற்றைவிடக் கொஞ்சம் சூடாக வைத்திருப்பதே வழி. யுஎஸ்பி பவர் பேங்கில் ஓடும் வெப்பப் பட்டை கிடைக்கிறது, லென்ஸின் முன் விளிம்பில் சுற்றுங்கள். பனி பிடித்த பிறகு அல்ல, முதலிலிருந்தே. அது இல்லாவிட்டால் கறுப்பு அட்டையை உருட்டி லென்ஸுக்கு முன்னால் நீளமான குழாயாக மாட்டுங்கள், வானத்தைப் பார்க்கும் பரப்பு குறையும், ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும்.

ஏசி போட்ட காரிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தாலும் இதே கதை, உடனடியாக. வந்து சேர்வதற்கு அரை மணி முன்பே ஏசியை அணைத்துவிடுங்கள், அல்லது மூடிய பையோடு வெளியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

வானம் கறுப்பாக இல்லை, பழுப்பாக இருக்கிறது

கேமராவில் படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் மேடு இடது ஓரத்தை விட்டு விலகி, கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும். நடுவைத் தாண்டிவிட்டால் நேரத்தைக் குறையுங்கள். படத்தின் ஒரு பக்கம் மட்டும் ஆரஞ்சாக இருந்தால் அந்தப் பக்கம் ஊர் இருக்கிறது. காவலூர்ப் பக்கம் மேற்கிலும் வடமேற்கிலும் திருப்பத்தூர், வாணியம்பாடி வெளிச்சம் ஏறும். அதனால் எதையும் மேற்கே சாயும்வரை விட்டுவைக்காமல், உச்சிக்கு அருகில் இருக்கும்போதே எடுங்கள்.

திடீரென்று ஒரு படம் மட்டும் வெள்ளையாகப் போயிருந்தால் யாரோ கார் கதவைத் திறந்திருக்கிறார்கள். கூட்டாகப் பார்க்கும் இரவில் இது எல்லாக் கோளாறுகளையும்விடப் பெரியது. வண்டியின் உள்விளக்கை முன்கூட்டியே அணைத்துவையுங்கள். நடுவில் கிளம்ப வேண்டியவர்கள் வண்டியைச் சாலைப் பக்கம் முகம் வைத்து, தள்ளி நிறுத்துங்கள். செல்போன் டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை நான்கு மடிப்பாக ஒட்டுங்கள். வானியலாளர் வைணு பாப்பு காவலூர் வான் ஆய்வகத்துக்கு 1960களில் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தது இந்த இருட்டுக்காகத்தான். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதற்கு வளையங்கள் இருப்பது தெரியவந்தது. அந்த மறைப்பைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. இன்றும் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. பச்சை லேசரை அந்தத் திசையில் காட்டாதீர்கள், விமானம் பக்கமும் காட்டாதீர்கள்.

தானியங்கி மவுண்ட் நெபுலாவுக்குப் பதில் தரையைக் காட்டுகிறது

மோட்டார் கெட்டுப்போகவில்லை. கைக்கருவியில் போட்ட விவரம் தப்பு. தேதியை மாதம் முதலில், நாள் இரண்டாவதாகப் போட வேண்டிய கருவிகள் உண்டு. நேர மண்டலம் +5:30. அரை மணியை விட்டாலே ஏழரை டிகிரி விலகும். கோடைகால நேர மாற்றம் நமக்குக் கிடையாது, அது அணைந்திருக்க வேண்டும். தீர்க்கரேகை கிழக்கு. இவை நான்கையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள்.

தொலைநோக்கியில் ஒன்றுமே தெரியவில்லை என்கிறார்கள்

படம் எடுக்காமல் பார்க்க மட்டும் வந்தவர்களின் புகார் இது. பெரும்பாலும் கண் இன்னும் இருட்டுக்குப் பழகியிருக்காது. இருபது முப்பது நிமிடம் வேண்டும், ஒரு தடவை செல்போன் பார்த்தால் மீண்டும் முதலிலிருந்து. ஓரியன் நெபுலா படத்தில் ரோஜா நிறம், கண்ணுக்குச் சாம்பல் புகை. மங்கிய ஒளியில் கண் நிறம் பிரிப்பதில்லை என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். பிறகு, "நேராப் பாக்காதீங்க, கொஞ்சம் ஓரமாப் பாருங்க" என்று சொல்லுங்கள். ஓரப்பார்வையில் அந்தப் புகைக்கு இறக்கை விரியும். அதைக் கண்ட நொடியில் அவர்கள் குரல் மாறுவதைக் கேட்பதற்காகவே நான் என் படங்களைப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன்.

அடுக்கிய படம் வெறும் கறுப்பு, அல்லது புள்ளிகளும் வட்டங்களுமாக இருக்கிறது

பல படங்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்குவதுதான் அடுக்குவது. சிரில், டீப்ஸ்கைஸ்டேக்கர் போன்ற மென்பொருள்களில் அடுக்கியதும் கறுப்பாக வருவது இயல்பு. தகவல் எல்லாம் அடியில் இருக்கிறது, வளைகோட்டை உயர்த்தினால் மேலே வரும். ஆனால் ஜேபெக்கில் எடுத்திருந்தால் உயர்த்த அதிகம் இருக்காது. கேமராவை ரா வடிவில் வையுங்கள்.

சிவப்பு, நீலப் புள்ளிகள் என்றால் டார்க் படம் எடுக்கவில்லை. மூடியைப் போட்டு, அதே நேரம், அதே ஐஎஸ்ஓ, அதே குளிரில் இருபது படம் எடுங்கள். மழைச்சாரல் மாதிரி சாய்ந்த கோடுகள் என்றால் சில படங்களுக்கு ஒரு முறை கேமரா பார்க்கும் இடத்தைச் சில பிக்சல் நகர்த்த வேண்டும். சாம்பல் வட்டங்கள் சென்சார் மேல் உள்ள தூசியின் நிழல்கள். அவற்றுக்கு ஃபிளாட் படம்: விடியலில் வெள்ளை வேட்டியைச் சுருக்கமில்லாமல் இரண்டு மடிப்பாகத் தொலைநோக்கி வாயில் கட்டி, ஃபோகஸை அசைக்காமல், கேமராவைத் திருப்பாமல் எடுங்கள். செயற்கைக்கோள் கோடுகளுக்காக ஒரு படத்தையும் தூக்கிப்போட வேண்டாம். இருபது படத்துக்கு மேல் இருந்தால், மற்றப் படங்களோடு ஒத்துப்போகாத புள்ளிகளை ஒதுக்கும் சிக்மா முறையில் அடுக்கும்போது அவை காணாமல் போகும்.

சில வாரம் கழித்து லென்ஸுக்குள் நூல் நூலாக ஏதோ படர்ந்திருக்கிறது

பூஞ்சை. அன்று அதிகாலை செய்த தவறு இப்போது தெரிகிறது. நாலு மணிக்கு, தெற்கே முப்பது டிகிரி உயரத்தில் ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கொத்து உருண்டு நிற்கும்போது யாரும் மூட்டைகட்ட நினைப்பதில்லை. விடிந்ததும் அவசரமாக, ஈரத்தோடு பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுகிறோம். மலையில் மூடிய பையை வீட்டுக்கு வந்ததும் திறந்து, லென்ஸ், கண்ணருகு வில்லைகள், வெப்பப் பட்டை எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்புங்கள். மூடிகளைக் கழற்றி, மதியம்வரை மின்விசிறிக்குக் கீழே விடுங்கள். அப்புறம்தான் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பா. வெறுமனே மூடிய தோல் பைக்குள் லென்ஸை மழைக்காலம் முழுதும் வைக்கவே வேண்டாம்.